பதிலாள் அட்டை

பஞ்சு நுனியைத் தண்ணீரில் தோய்த்து அப்பாவின் கீழுதட்டில் இம்கே ஒற்றிக்கொண்டிருந்தாள். அறை வாசலில் நின்ற அண்ணன் டோர்பென், நனைந்த மேலங்கியைக்கூடக் கழற்றாமல் கேட்டான்.

"நான் ஒரு நடை கல்லறைக்குப் போயிட்டு வந்துடட்டுமா? அம்மாவைப் பாத்து ரொம்ப நாளாச்சு."

ஒரு சொட்டு தவறி அப்பாவின் மோவாயில் இறங்கியது. அவள் அதைத் துடைத்தாள்.

"இப்ப வேணாம். மழை வரப்போகுது."

"வந்துக்கிட்டுதான் இருக்கு."

"அப்ப நின்னப்புறம் போ. இப்பதான் ரயிலை விட்டு இறங்கியிருக்க. அவர் முழிச்சா உன்னைத் தேடுவார்."

"என்னையா?" டோர்பென் மூக்கால் சிரித்தான். "என்னைத் தேடினார்னா, நான் ஏதோ புத்தகத்தை எடுத்துட்டுப் போய்த் திருப்பித் தரலைன்னு அர்த்தம்."

ஆனாலும் மேலங்கியைக் கழற்றினான். நடையில் வரிசையாகக் கொக்கிகள் இருந்தன. அப்பாவின் தொப்பி மாட்டியிருந்த கொக்கிக்கு அடுத்ததில் சாம்பல் நிற அட்டை ஒன்று தொங்கியது. டோர்பென் அதைத் தொடாமல் அதற்கும் அடுத்த கொக்கியில் அங்கியை மாட்டினான். அந்த வீட்டில் வளர்ந்த இரண்டு பேருக்கும் அது கை தானாகச் செய்கிற வேலை.

இம்கே பஞ்சை மறுபடி தோய்த்தாள். இன்றைக்குத் தடுத்தாயிற்று. நாளைக்கு எப்படித் தடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. கல்லறைக்குப் போனால் டோர்பென் என்ன பார்ப்பான் என்பது மட்டும் தெரியும். லிண்டன் மரத்தடியில் வெறும் புல்.

அப்பா, ரூடிகர் லோமன், வேசர் ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சிறு நகரத்தின் ஆவணக் காப்பகத்தை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தியவர். நகரத்தின் வரலாற்றை இரண்டு தடித்த தொகுதிகளாக எழுதியவர். அந்த ஊரில் திருமணம் செய்துகொள்கிற ஒவ்வொரு தம்பதிக்கும் நகராட்சி அவற்றைப் பரிசாகக் கொடுத்தது. அதனால் எல்லா வீடுகளிலும் அவை இருந்தன. படித்தவர்கள் குறைவு. வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றிருந்ததால் ஊரில் எல்லோருக்கும் அவர் டாக்டர்.

"டாக்டர்னு பேருதான்," என்பாள் மாடி வீட்டு கெர்லிண்டே. "என் முட்டிவலிக்கு ஒரு மருந்து சொல்லத் தெரியல. எங்க கொள்ளுத்தாத்தாவுக்கும் முட்டிவலி இருந்துச்சுன்னு மட்டும் எடுத்துச் சொன்னாரு."

அன்றும் கெர்லிண்டே ஒரு பாத்திரத்தில் பருப்பு சூப்போடு வந்து, படுக்கையின் கால்மாட்டில் நின்று, அப்பாவின் மூச்சைச் சற்று நேரம் கேட்டாள். அவள் தன் கணவனையும் அக்காவையும் இப்படிப் பார்த்து அனுப்பியவள்.

"இன்னிக்குத்தான்," என்றாள் இம்கேயின் காதில். பிறகு குரலை உயர்த்தி, "டாக்டர், நான் இரவல் வாங்கின சர்க்கரை டப்பாவுக்கு நீங்க வச்ச அட்டை இன்னும் உங்க அலமாரியிலதான் இருக்கு. நான் திருப்பிக் குடுத்து இருபது வருஷமாச்சு. ஞாபகம் இருக்கட்டும்," என்றாள்.

அப்பாவின் கண்ணிமை லேசாக அசைந்தது. அல்லது அசைந்ததாக இம்கேவுக்குத் தோன்றியது.

அட்டை விஷயம் ஊருக்கே தெரியும். காப்பகத்தில் அலமாரியிலிருந்து ஒரு கோப்புக் கட்டை எடுத்தால், அது இருந்த இடத்தில் கையகல அட்டை ஒன்றைச் சொருக வேண்டும். எடுத்தது யார், எப்போது திரும்பும் என்று அதில் எழுத வேண்டும். கட்டு திரும்பும் வரை அதன் இடத்தை அந்த அட்டை காக்கும். அதற்குப் பெயர் பதிலாள். அப்பா அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தார். குடையை யாராவது இரவல் வாங்கினால் குடை நின்ற மூலையில் ஓர் அட்டை நிற்கும். டோர்பென் படிப்புக்காக ஹாம்பர்க் போனபோது சாப்பாட்டு மேசையில் அவன் நாற்காலியில் ஒன்று இருந்தது. 'டோர்பென், கிறிஸ்துமஸ் வரை' என்று அதில் எழுதியிருந்தது. அம்மா அதைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அடுத்த ஆண்டு அம்மா, ஹைக்கே, இறந்தாள். இம்கேவுக்கு அப்போது ஒன்பது வயது. அம்மாவின் பச்சை மேலங்கியை யாருக்கோ கொடுத்துவிட்டு, அது மாட்டியிருந்த கொக்கியில் அப்பா ஓர் அட்டையைத் தொங்கவிட்டார். அதில் அவர் எதுவும் எழுதவில்லை.

ஆனால் ஊர் நினைத்ததுபோல அப்பாவின் வேலை காப்பது அல்ல. சாப்பாட்டு மேசையில் அவரே அடிக்கடி சொல்வார். "வர்றதையெல்லாம் வச்சா நாலு வருஷத்துல ஆத்தங்கரை வரைக்கும் அலமாரி நிக்கும். என் வேலை கழிக்கிறது. நூறு கட்டு வந்தா மூணை வைப்பேன். மிச்சத்தைக் கழிப்பேன். அந்த மூணு சரியான மூணான்னு சாகறவரைக்கும் தெரியாது." காலம் முடிந்த கோப்புகளின் பட்டியல் நகராட்சியின் ஒவ்வொரு அலுவலகத்திலிருந்தும் அவரிடம் வரும். வைக்க வேண்டியதைத் தொடமாட்டார். கழிக்க வேண்டியதன் எதிரே பச்சைப் பென்சிலால் ஒரு சாய்ந்த கோடு போட்டு, பக்கத்தில் தன் பெயரின் முதலெழுத்துகளை எழுதுவார். ஒருமுறை பழைய நாய் வரிப் பட்டியல்களைக் கழித்துவிட்டார். பதினைந்து ஆண்டு கழித்து ஒரு மாணவி அதையே தேடிக்கொண்டு வந்து நின்றாள். அன்று இரவு அப்பா சாப்பிடவில்லை. நாய் வரிக்காக ஒருவர் பட்டினி கிடப்பதை இம்கே முதலில் வேடிக்கையாகத்தான் பார்த்தாள்.

ஓய்வு பெற்ற பிறகு ஞாபகம் மெல்லக் கலைய ஆரம்பித்தது. அடுப்பை அணைக்க மறந்தார். ஞாயிறுதோறும் கல்லறைக்குப் போகிற வழியை மறந்து ஒருமுறை படகுத் துறையில் நின்றார். இம்கே தன் வாடகை வீட்டை விட்டுவிட்டு அப்பாவோடு வந்து இருந்தாள். பகலில் கண்ணாடிக் கடையில் வேலை. மாலையில் வீடு திரும்பினால் அப்பா கைகளைப் பிசைந்துகொண்டு அறை அறையாக நடந்துகொண்டிருப்பார். அவருக்கு ஏதாவது வேலை வேண்டும் என்று இம்கேவுக்குப் புரிந்தது. அன்றைய தபாலை எடுத்து, கடை விளம்பரங்கள், பத்திரிகைச் சந்தா நினைவூட்டல்கள், எல்லாவற்றையும் ஒரு கட்டாக்கி அவர் முன் வைத்தாள். "அப்பா, இதைப் பாத்துக் குடு." அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பச்சைப் பென்சிலைச் சீவினார். ஒரு மணி நேரம் வீட்டில் அமைதி இருந்தது. அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். பதில் உறை ஏதாவது இருந்தால் அவரே மடித்து உள்ளே வைத்து ஒட்டிவிடுவார். காலையில் வேலைக்குப் போகும் வழியில் இம்கே அதைத் தபால் பெட்டியில் போடுவாள்.

என்ன உறை என்று அவள் பார்த்ததில்லை.

மே மாதம் ஒரு சனிக்கிழமை, தட்டு நிறைய வெள்ளை பிகோனியாச் செடிகளை வாங்கிக்கொண்டு அவள் கல்லறைக்குப் போனாள். லிண்டன் மரத்தடியில் அம்மாவின் கல் இல்லை. கல் இருந்த இடத்தில் புதிதாக விதைத்த புல் மெல்லிசாக முளைத்திருந்தது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தப்பான பாதையில் வந்துவிட்டோமோ என்று நுழைவாயில் வரை திரும்பிப் போய் மறுபடி நடந்து வந்தாள். அதே மரம். அதே புல்.

கல்லறை அலுவலகத்தில் உவே இருந்தான். அவன் வாலிபத்தில் அப்பாவிடம் காப்பக வேலை பழகியவன். இம்கேயைச் சைக்கிளில் பள்ளிக்கு ஏற்றிப் போயிருக்கிறான். இப்போது தலை முன்பக்கம் வழுக்கை.

"இடத்தோட குத்தகை இருபத்தஞ்சு வருஷம் முடிஞ்சுதும்மா. எல்லாருக்கும் அனுப்புற மாதிரி டாக்டருக்கும் அனுப்பினோம். நீட்டிக்கிறதா, விட்டுடுறதான்னு கேட்டு." அவன் தாளை அவள் பக்கம் திருப்பினான். சாய்ந்த பச்சைக் கோடு. பக்கத்தில் ரூ. லோ.

"நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"நானா? அவரையா?" உவே நெற்றியைத் தேய்த்தான். "பச்சைக் கோட்டைப் பாத்துட்டு 'ஏன் டாக்டர்'னு ஒரே ஒரு வாட்டி கேட்டேன், பத்தொம்பது வயசுல. அப்புறம் கேட்டதே இல்ல. அவர் யோசிச்சுத்தான் போட்டிருப்பார்னு நினைச்சேன். சத்தியமா."

"கல்லு?"

"உடைச்சுப் பாதைக்குப் போட்டாச்சு."

"அதே இடத்தை மறுபடி எடுத்துக்கறேன்."

"அந்தப் பக்கம் பூராவும் மூடியாச்சு. மரத்து வேரு. இனிமே அங்க யாரையும் வைக்க முடியாது. சட்டத்துல இடம் இல்ல, இம்கே. இருந்தா நானே தோண்டியிருப்பேன்."

பிகோனியாக்களை அவள் பால்கனித் தொட்டியில் நட்டாள். அப்பாவிடம் சொல்லவில்லை. டோர்பெனிடமும் சொல்லவில்லை. தபாலில் போட்ட கை தன்னுடையது என்பதால்தான் சொல்லவில்லை என்று சில நாள் நினைத்தாள். அப்பாவைக் காப்பாற்றத்தான் சொல்லவில்லை என்று சில நாள் நினைத்தாள். இரண்டில் எது என்று கடைசிவரை அவளால் தீர்மானிக்க முடியவில்லை.

சூப் ஆறிப்போயிருந்தது. கெர்லிண்டே மாடிக்குப் போய்விட்டாள். டோர்பென் அடுக்களையில் காபி தயாரித்துக்கொண்டிருந்தான். ஜன்னலுக்கு வெளியே நவம்பர் வெளிச்சம், மதியத்திலேயே சாயங்காலம்போல் இருந்தது.

"இம்கே."

அவள் திடுக்கிட்டுக் குனிந்தாள். அப்பாவின் கண்கள் திறந்திருந்தன. பல வாரங்களாக இல்லாத ஒரு தெளிவு அவற்றில் இருந்தது.

"சொல்லுப்பா."

"டோர்பென் வந்துட்டானா?"

"வந்துட்டான். காபி போடறான்."

"நீ பாத்தியா? சத்தத்தை வச்சுச் சொல்றியா?"

"பாத்தேன்பா."

அவர் சற்று மூச்சு வாங்கினார். எதைச் சொன்னாலும், 'எங்க பாத்த?' என்று கேட்பது அவர் வழக்கம். பள்ளியில் நடந்த சண்டையிலிருந்து பனி பெய்யும் என்ற செய்தி வரை, ஆதாரம் இல்லாமல் அந்த வீட்டில் யாரும் எதையும் சொன்னதில்லை.

"ஹைக்கே பக்கத்துலதானே என்னை வைப்பீங்க?"

அடுக்களையில் கரண்டி கோப்பையில் மோதும் சத்தம் கேட்டது.

"ஆமாப்பா."

"லிண்டன் மரத்தடியில."

"ஆமா."

"கடைசியா எப்பப் போன?"

"போன ஞாயித்துக்கிழமை."

"இப்ப என்ன நட்டிருக்கு?"

"பிகோனியா," என்றாள் இம்கே. "வெள்ளை."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது. முதல் உறைபனியிலேயே பிகோனியா கருகிவிடும். நவம்பரில் எந்தக் கல்லறையிலும் பிகோனியா இருக்காது. ஹீதர் செடி இருக்கும், மேலே ஃபிர் மரக் கிளைகள் பரப்பியிருக்கும். ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் கடைசியில் இறந்தவர்களை நினைக்கும் இறந்தோர் ஞாயிறுக்கு முன்பு முழங்காலில் உட்கார்ந்து அந்தக் கிளைகளை அப்பாதான் அடுக்குவார். ஒரு பழைய மடாலயச் சாசனத்தில், ஜனவரியில் ஆற்றைப் படகில் கடந்து வந்ததாக ஒரு சாட்சி எழுதியிருந்ததை வைத்தே அது போலி என்று நிறுவியவர் அவர். அந்த ஜனவரியில் வேசர் உறைந்து கிடந்தது.

அப்பா அவளையே பார்த்தார்.

"வெள்ளையா," என்றார்.

"வெள்ளைதான்பா."

"சரி."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்து இம்கே தண்ணீர்க் கோப்பையோடு எழுந்தாள்.

"நான் எதையாவது தப்பாக் கழிச்சுட்டேனா, இம்கே?"

அவர் திரும்பவில்லை. அவள் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இல்லப்பா. எதையும் இல்ல."

அடுத்த கேள்விக்காக நின்றாள். எங்கே பார்த்தாய் என்று அவர் கேட்கவில்லை.

காபியோடு வந்த டோர்பெனை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அவள் அடுக்களைக்குப் போய்க் கோப்பையைக் கழுவினாள். கழுவிய கோப்பையை மறுபடி கழுவினாள். துணியால் துடைத்து அலமாரியில் வைத்தபோது டோர்பென் கூப்பிட்டான். குரல் உயரவில்லை.

"இம்கே. வா."

கெர்லிண்டே இறங்கி வந்து ஜன்னலை அகலத் திறந்து வைத்தாள். ஈரக் காற்று உள்ளே வந்து திரையைத் தூக்கியது. ஆன்மா வெளியேற வழி வேண்டும் என்பது அவள் கணக்கு. "இவரு எப்பவும் நிதானம். கொஞ்ச நேரம் திறந்தே இருக்கட்டும்," என்றாள். அவள் கண்களைப் புறங்கையால் துடைத்தபோது மட்டும் குரல் சற்று இறங்கியது.

மறுநாள் காலை அடக்க ஏற்பாட்டாளர் வந்தார். மெலிந்த மனிதர். காலணியை வாசலில் நன்றாகத் தேய்த்துவிட்டு வந்து, மேசையில் உட்கார்ந்து, சவப்பெட்டியின் மரம், பூக்கள், பத்திரிகை அறிவிப்பு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"மனைவி பக்கத்துலதானே?"

"ஆமா," என்றான் டோர்பென்.

"அங்க இடம் இல்ல," என்றாள் இம்கே.

இருவரும் அவளைப் பார்த்தார்கள். அவள் மேசை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டே, புதிய பகுதியில் வேலியோரமாக ஓர் இடம் பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னாள். ஏற்பாட்டாளர் தலையை அசைத்து எழுதிக்கொண்டார். அந்தத் தொழிலில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

டோர்பென் அவர் போகும் வரை காத்திருந்தான். பிறகு அங்கியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். திரும்பி வந்தபோது அவன் காலணி முழுக்கச் சேறும் புல்லும் ஒட்டியிருந்தது. நடையிலேயே நின்றான்.

"எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"மே மாசம்."

"மே மாசம்." அவன் திரும்பச் சொன்னான். "நான் ஆகஸ்ட்டுல ஃபோன் பண்ணி அம்மா பொறந்தநாளுக்குப் பூ வைக்கச் சொன்னேன். வச்சேன்னு சொன்ன."

"ஆமா."

"உவேயைப் பாத்தேன். தாளைக் காட்டினான்." டோர்பென் சுவரில் சாய்ந்தான். "வாழ்நாள் பூரா ஒரு காற்புள்ளியைக்கூட விடாமப் படிச்சவர். இதை மட்டும் படிக்காமக் கையெழுத்துப் போட்டாரா? காலம் முடிஞ்சுது, கோடு போட்டார். அவ்வளவுதான். அவருக்கு அம்மாவும் ஒரு கட்டு."

"அவருக்கு என்னன்னே தெரியல, டோர்பென். ஞாபகம் இல்ல."

"எங்க பாத்த?"

அப்பாவின் கேள்வி அவன் வாயில் அவ்வளவு சரியாகப் பொருந்தியது. இம்கேவிடம் ஆதாரம் இல்லை. கடைசி மதியம் அப்பா கேட்ட கேள்வி ஒன்றுதான் இருந்தது. அது இரண்டு பக்கமும் பேசக்கூடிய சாட்சி. தெரியாமல் செய்தவர் அப்படிக் கேட்பாரா, தெரிந்தே செய்தவர் அப்படிக் கேட்பாரா? அவள் அதை அவனிடம் சொல்லவில்லை.

"அவருக்குப் பொழுது போகணும்னு தபாலை அவர் முன்னாடி வச்சது நான். பொட்டியில போட்டதும் நான்தான்," என்றாள்.

டோர்பென் அவளைப் பார்த்தான். குனிந்து காலணிக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான். ஈரத்தில் முடிச்சு இறுகியிருந்தது. வெகுநேரம் அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

அடக்கம் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணிக்கு. எட்டு மணிக்கெல்லாம் இம்கே கறுப்பு உடை அணிந்து, அடுக்களை இழுப்பறையிலிருந்து ஒரு பெரிய கரண்டியை எடுத்தாள். நடையில் சற்று நின்றாள். பிறகு கொக்கியிலிருந்த அட்டையைக் கழற்றி அங்கிக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

லிண்டன் மரத்தடியில் உவே குடையோடு நின்றான். அவள்தான் வரச் சொல்லியிருந்தாள். புல்லில் எந்த அடையாளமும் இல்லாததால் அவளுக்குத் தன் மேல் நம்பிக்கை இல்லை. இரண்டடி தள்ளிவிட்டால் அது வேறு யாரோ. உவே அங்கிக்குள்ளிருந்து பகுதி வரைபடத்தை எடுத்தான். தண்ணீர்க் குழாயிலிருந்து அடியளந்து நடந்து, திரும்பி வந்து மறுபடி நடந்து, குதிகாலால் புல்லை அழுத்தினான்.

"இங்கதான். அவர் வந்து நின்னு கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்."

இம்கே முழங்காலிட்டு, கரண்டியால் புல்லை ஒரு கையகலத்துக்குக் கீறி எடுத்தாள். கீழே மண் கறுப்பாக, மெல்லிய வேர்கள் ஓடிக் கிடந்தது. அதைக் கரண்டி கரண்டியாக எடுத்து அங்கியின் வலது பையில் போட்டுக்கொண்டாள். பை கனத்தது. கல்லறையிலிருந்து மண்ணை எடுப்பதற்கும் ஏதாவது சட்டம் இருக்கும். உவே மறுபக்கம் திரும்பி, மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குழியில் அவள் அட்டையைச் செங்குத்தாக நட்டு, இரண்டு பக்கமும் மண்ணை அழுத்தினாள்.

உவே திரும்பிப் பார்த்தான். அது என்னவென்று அவனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அப்படிப்பட்ட அட்டைகளை அவன் ஆயிரக்கணக்கில் சொருகியவன்.

"எழுதணுமே," என்றான் மெதுவாக. "யார் எடுத்தது, எப்பத் திரும்பும்னு. வெறுமனே வச்சா டாக்டர் கையால அடி விழும்." சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினான்.

"வேணாம், உவே."

அவன் பேனாவை மறுபடி பையில் வைத்தான்.

பதினொரு மணிக்கு மழை இல்லை, காற்று இருந்தது. நகரத் தலைவர் சவப்பெட்டியின் அருகே நின்று, காற்றில் படபடத்த தாளைப் பிடித்துக்கொண்டு பேசினார். இந்த நகரம் தந்த எதையும் தூக்கி எறியாமல் காத்தவர் என்று சொன்னார். அப்பா கேட்டிருந்தால் அந்த வரியை அடித்திருப்பார் என்று இம்கே நினைத்தாள். பாதிரியார் ஜெபத்தை முடித்ததும் பெட்டி கயிறுகளில் இறங்கியது. குழியின் பக்கத்தில் ஒரு மரத்தொட்டியில் உலர்ந்த மணலும் சிறு கைக்கரண்டியும் வைத்திருந்தார்கள். டோர்பென் முதலில் போனான். ஒரு கரண்டி மணலை அள்ளிப் போட்டான். கொஞ்சம் நின்றான். இன்னொரு கரண்டி போட்டான்.

இம்கே கைக்கரண்டியை எடுக்கவில்லை. பையில் கைவிட்டு, கறுத்த ஈரமண்ணை அள்ளி, குழியின் மேல் கையை நீட்டித் திறந்தாள். மணல் விழுந்த சத்தம் வேறு, இது விழுந்த சத்தம் வேறு. பை காலியாகும் வரை அள்ளினாள். அவளுக்குப் பின்னால் வரிசை காத்திருந்தது. தன் விரலிடுக்கில் சிக்கிய ஒரு புல்வேரை டோர்பென் பார்த்துக்கொண்டிருப்பதை அவள் பார்த்தாள்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கூடிக் குடிக்கும் சடங்கு காபிக்குக் கெர்லிண்டே வெண்ணெய்க் கேக் செய்து வைத்திருந்தாள். ஆட்கள் சிறு சிறு கூட்டமாக வாசலை நோக்கி நடந்தார்கள். "சீக்கிரம் வாங்க, டாக்டரைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை பேசணும், கேக் சூடா இருக்கும்போதே," என்று கெர்லிண்டே யாரையோ முடுக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

டோர்பென் நேர்ப்பாதையில் போகாமல் பழைய பகுதி வழியாகத் திரும்பினான். இம்கே அவனோடு நடந்தாள். காலடியில் பாதைச் சரளை நெரிந்தது.

"காலையில கொக்கி காலியா இருந்துச்சு," என்றான் டோர்பென்.

"ம்."

"அங்கியை எதுல மாட்டறதுன்னு தெரியாம நின்னேன்."

லிண்டன் மரம் தெரிந்ததும் இருவரும் நின்றார்கள். கல்லறைப் பணியாளர் ஒருவர் முதுகில் இயந்திரத்தைச் சுமந்து, நீண்ட குழாயால் உதிர்ந்த இலைகளை ஊதிக்கொண்டு வந்தார். மஞ்சள் இலைகள் அவருக்கு முன்னால் உருண்டு ஓரமாய்க் குவிந்தன. அவருக்குப் பின்னால் புல் பச்சையாக, வெறுமையாக விரிந்தது. அட்டைக்கு அருகே வந்தபோது அவர் நின்றார். இயந்திரத்தின் சத்தம் தாழ்ந்தது. குனிந்து அதன் ஒரு பக்கத்தைப் பார்த்தார், பிறகு மறுபக்கத்தைப் பார்த்தார். அலுவலகம் இருக்கும் திசையில் ஒருமுறை திரும்பினார்.

பிறகு குழாயை விலக்கிப் பிடித்துக்கொண்டு, அதைச் சுற்றிப் போனார். அட்டையைச் சுற்றி மட்டும் கொஞ்சம் இலைகள் கிடந்தன.